அச்சகத்தில் மட்டும் நின்றுபோகும் பழைய மடிக்கணினி

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரு சிறிய அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம் என்று வேலை ஓடுகிறது. கேட்டவரின் அப்பா 2004இல் வாங்கிய மடிக்கணினி: பென்டியம் எம் பிராசஸர், 512 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7.0, பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள் எல்லாம் அதில்தான். அந்த மென்பொருளுக்கு ஒரு ஹார்டுவேர் லாக் உண்டு, அதாவது செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சின்னச் சாவி. அதைப் பின்னால் பேரலல் போர்ட் என்ற பழைய பிரின்டர் துளையில் செருகி, அதன் முதுகில் லேசர் பிரின்டரின் கேபிளை மாட்டியிருக்கிறார்கள். பேட்டரி செத்து வருடக்கணக்காகிறது. கழற்றி வைத்துவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டுகிறார்கள். சில மாதங்களாக நாளுக்கு இரண்டு மூன்று முறை திரை அப்படியே நின்றுவிடுகிறது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் வழி. ரேமை 1 ஜிபியாக மாற்றியதும் ஒரு வாரம் சும்மா இருந்தது, மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் ஃபார்மட் செய்யலாம் என்கிறார். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: “ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துவந்து வேலை செய்தால் ஒன்றும் ஆவதில்லை.”

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன் ஒன்று. ஃபார்மட் செய்ய விடாதீர்கள். எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்தாக அதைச் சொல்பவரிடம் இந்தக் கணினியைக் கொடுக்கவே வேண்டாம். அந்த எழுத்துரு மென்பொருளின் சிடி கையில் இருக்கிறதா, இருந்தாலும் படிக்கிற நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இருபது வருட வேலை அந்த 40 ஜிபிக்குள்தான் இருக்கிறது. முதல் காரியமாக டிஸ்க்கை அப்படியே நகல் எடுங்கள். இரண்டரை அங்குல ஐடிஇ (பழைய வகை இணைப்பு) டிஸ்க்கை யுஎஸ்பியாக மாற்றித் தரும் சிறிய இணைப்பான் சென்னை ரிச்சி தெருவில் இன்னும் கிடைக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் அதன் வழியாக மாட்டி, குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருள் மூலம் முழு நகல் எடுங்கள். நடுவில் படிக்க முடியாத இடங்கள் வந்தால் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம் பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பும். எதுவரை முடிந்தது என்று ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்வதால் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டு நகல் எடுப்பது இங்கே போதாது. நிறுவிய மென்பொருள்களோடு முழு டிஸ்க்கும் வேண்டும்.

நகல் கையில் இருந்தால் பிறகு தைரியமாகத் தோண்டலாம்.

இனி, நின்றுபோவது என்றால் எப்படி நின்றுபோகிறது? ஹேங் ஆகிறது என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. அடுத்த முறை நின்றதும் பவர் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு நிமிடம் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அந்த விளக்கை எரியச் சொல்வது விண்டோஸ்தான். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, மேலே ஏதோ ஒரு நிரலோ திரையை வரையும் பகுதியோ மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கு மாறவே இல்லை என்றால் விண்டோஸின் அடித்தளமே மாட்டிக்கொண்டுவிட்டது, அல்லது பிராசஸரே நின்றுவிட்டது. இந்த ஒரு சோதனை பாதி சந்தேகங்களை வெட்டி எறிந்துவிடும்.

அடுத்து மவுஸ் அம்பு. அம்பு நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் பதில் இல்லை. ஹார்டு டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது. அரை நிமிடம் கழித்து எல்லாம் மொத்தமாகத் திரும்ப வருகிறது. இது டிஸ்க். வேறெங்கும் தேட வேண்டாம். தன்னில் ஒரு சிறு துண்டை (செக்டார்) படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது, விண்டோஸ் அதற்காகக் கைகட்டிக் காத்திருக்கிறது.

பாட்டு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றால் காது கொடுத்துக் கேளுங்கள். கீறல் விழுந்த இசைத்தட்டு போல ஒரு நொடித் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தால், ஒலிச் சில்லு கடைசியாகக் கிடைத்ததையே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். புதிதாகக் கொடுக்க பிராசஸருக்குச் சுயநினைவில்லை. வேலை நேரத்தில் பின்னணியில் ஏதாவது ஓட விடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். திரையில் கோடு கோடாகவோ கட்டம் கட்டமாகவோ வண்ணம் சிதறினால் அது காட்சிச் சில்லின் பக்கம்.

இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, மணி, விளக்கு எப்படி, அம்பு எப்படி, அந்த நேரத்தில் அச்சகத்தில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது. கணினியில் எழுத வேண்டாம், காகிதத்தில். பில் புத்தகம் அடிக்கிறவர்கள், காகிதத்துக்கா பஞ்சம்?

நடந்து முடிந்தவற்றின் நேரமும் ஓரளவு கிடைக்கும். ஸ்டார்ட், ரன், அதில் விண்டோஸ் தானே எழுதிவைக்கும் குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பட்டியலைப் பாருங்கள். 6005 என்ற எண் கணினி எழுந்த நேரம். 6006 ஒழுங்காக அணைக்கப்பட்ட நேரம். முன்னால் 6006 இல்லாமல் ஒரு 6005 மட்டும் நின்றால், அதற்குச் சற்று முன்புதான் நீங்கள் பவர் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். கூடவே 6008 என்ற எண் எதிர்பாராமல் நின்றதைப் பதிவு செய்திருக்கும். மாதக் கணக்கில் பின்னோக்கிப் போய் இந்த நேரங்களை நோட்டில் இறக்குங்கள். அதே பட்டியலில் சிவப்புக் குறியோடு ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7ஆம் எண், ‘அட்டாபி’ என்ற பெயரில் 9 அல்லது 11 இருந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது படிக்க முடியாத செக்டார். 9 என்றால் டிஸ்க் உரிய நேரத்தில் பதில் சொல்லவில்லை. 11 கட்டுப்பாட்டுச் சில்லில் பிழை.

இங்கே ஒரு சிக்கல். மதர்போர்டின் கடிகார பேட்டரி செத்திருந்தால் தேதியும் மணியும் பொய்யாக இருக்கும். உங்களுடையதில் பெரிய பேட்டரியும் இல்லை, இரவில் அடாப்டரையும் பிடுங்கிவிடுவீர்கள். காலையில் ஆன் செய்யும்போது 2003 ஜனவரி என்று காட்டுகிறதா? அப்படியென்றால் முதலில் அந்தச் சின்ன பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலும் இரண்டு வயர் வைத்துச் சுருங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் சிஆர்2032 தான். அது செத்ததால் கணினி நிற்காது, ஆனால் சாட்சி சொல்பவனுக்கே நேரம் தெரியாவிட்டால் வழக்கை எப்படி நடத்துவது?

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அதே கணினி, அதே விண்டோஸ், அதே ரேம், அதே டிஸ்க். எழுத்துரு மென்பொருளைத் திறக்க வேண்டுமென்றால் லாக்கும் கூட வந்திருக்க வேண்டும், ஆக அதே லாக். வீட்டில் நாள் முழுதும் ஒழுங்காக ஓடுகிறது. டிஸ்க்கில் பழுது என்றால் அது வீடு, கடை என்று பார்க்காது. விண்டோஸுக்கும் ஞாயிறு, திங்கள் தெரியாது. அப்படியானால் வீட்டில் இல்லாதது எது? அச்சகத்தின் மின்சாரம். பிரின்டர். காகிதத் தூசி. மெஷின் ஓடும் சூடு. கணினி உட்கார்ந்திருக்கும் மேசை. ஒருவேளை அடாப்டரும். வீட்டில் வேறொரு அடாப்டர் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. அதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டியது.

என் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான், அதுவும் பேட்டரி இல்லாததால். மடிக்கணினியில் பேட்டரி என்பது வெளியே எடுத்துப் போவதற்கு மட்டும் இருப்பதில்லை. அடாப்டரிலிருந்து வரும் அழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தால், மதர்போர்டு அந்தக் கணமே பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். உங்களுக்கு எதுவும் தெரியாது. பேட்டரியைக் கழற்றிவிட்டால் அந்தத் தாங்கல் போய்விட்டது. அடாப்டருக்கும் வயது இருபது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கினால் உச்சத்தில் 325 வோல்ட் வரும். அதைத் தேக்கிவைத்து, வரத்து சற்றுத் தடைப்பட்டாலும் வெளியீட்டைச் சீராக வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு பெரிய மின்தேக்கி. சூட்டிலேயே வருடங்களைக் கழித்து அது காய்ந்துபோனால் தேக்கும் அளவு குறைந்துவிடும். சாதாரண நேரத்தில் பழுது தெரியாது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாலும் லேபிளில் உள்ள வோல்ட்டையே காட்டும், ஏனென்றால் மல்டிமீட்டர் அடாப்டரிடம் எந்த வேலையும் வாங்குவதில்லை. பேஜ்மேக்கர் பெரிய படத்தை வரைந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில்தான் அது தடுமாறும். விளக்கு ஒரு சிமிட்டு மங்கும், அவ்வளவுதான். நிறைய தாழ்ந்தால் கணினி அணைந்தே போகும். கொஞ்சம் தாழ்ந்தால் பிராசஸருக்கோ ரேமுக்கோ வரும் அழுத்தம் மட்டும் கலங்கி, படம் திரையில் இருக்க, எல்லாம் நின்றுவிடும். (ஆர்வக்கோளாறில் அடாப்டரைப் பிளந்து பார்க்க வேண்டாம். பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் உள்ளே கொஞ்ச நேரம் இருக்கும்.)

லேசர் பிரின்டரும் சளைத்ததல்ல. மையை உருக்கி ஒட்டும் உருளையைச் சூடாக்க, அச்சிடத் தொடங்கும்போது பல நூறு வாட் இழுக்கும். கணினியும் பிரின்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருக்கிறதா? இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

பிரின்டர் கேபிளில் இன்னொரு வினையும் இருக்கிறது. இரண்டு முள் அடாப்டரில் ஓடும் மடிக்கணினியின் பின்னால் உள்ள திருகில் புறங்கையை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கி வழியாகக் கசிவது அது. ஆளைக் கொல்லாது, ஆனால் எர்த் இல்லாத கணினியின் உடம்பு முழுக்க அந்த அழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. மூன்று முள் பிரின்டர் எர்த்தோடு இருக்கிறது. இரண்டையும் பேரலல் கேபிளால் இணைக்கும்போது அந்த வித்தியாசம் முழுவதும் கேபிள் வழியாக, உங்கள் விலைமதிப்பில்லாத லாக்கின் வழியாகத்தான் வடிகிறது. அதனால் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கேபிளை மாட்டவோ கழற்றவோ கூடாது. பேரலல் போர்ட் யுஎஸ்பி போல ஓட ஓட மாட்டுவதற்கு வடிவமைக்கப்பட்டதல்ல. அச்சகத்தில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். பல கடைகளில் மூன்றாவது துளை சும்மா அழகுக்குத்தான்.

சோதனை எளிது. அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், முனையின் துருவமும் அதேபோல உள்ள நல்ல அடாப்டர் ஒன்றைக் கடன் வாங்கி ஒரு வாரம் ஓட்டுங்கள். முடிந்தால் நல்ல பேட்டரி ஒன்றும். ‘யுபிஎஸ் வைத்தால் போதாதா’ என்று கேட்பீர்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் யுபிஎஸ் மின்சாரம் முழுதாகப் போனாலோ மிகவும் தாழ்ந்தாலோதான் விழித்துக்கொள்ளும். சின்னச் சின்னத் தாழ்வை அப்படியே உள்ளே அனுப்பிவிடும். அதை வைத்துப் பார்த்து ‘மின்சாரத்தில் குறையில்லை’ என்று முடிவுகட்டாதீர்கள்.

ஒரு வாரம் என்று ஏன் சொல்கிறேன்? நாளுக்கு இரண்டு மூன்று முறை நிற்கும் கணினி, சில நாட்கள் தானாகவே நிற்காமலும் இருக்கும். ரேம் மாற்றியதும் உங்களுக்கு ஒரு வாரம் நிம்மதி கிடைத்ததே, அது ரேமால் வந்த நிம்மதியா, அல்லது அந்த வாரம் அச்சகத்தில் வேலை குறைவா? நோட்டு இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அடாப்டர், ரேம், டிரைவர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி, குணமாகியும்விட்டால், எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி முதலிலிருந்து.

ரேமைப் பற்றிச் சொன்னதும் என் கதை ஒன்று. உங்களுடையதைவிட ஒரு வயது குறைந்த மடிக்கணினி, பழையதாக வாங்கினேன். நான் உட்கார்ந்தால் நிற்கும், மனைவி உட்கார்ந்தால் நிற்காது. வீட்டில் இது கொஞ்ச நாள் கேலியாகவே ஓடியது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸை ராத்திரி முழுதும் ஓட விட்டேன், ஒரு பிழைகூட இல்லை. டிஸ்க்கை மாற்றினேன், விண்டோஸை மறுபடி போட்டேன், ஃபேனைக் கழற்றித் துடைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், அது நின்ற கணத்தில் என் இடது உள்ளங்கையைப் பார்த்தேன். யோசிக்கும்போது முழு பாரத்தையும் அதில் சாய்ப்பது என் பழக்கம். அந்த இடத்துக்கு நேர் கீழேதான் இரண்டாவது ரேம் துளை. மனைவி வெளி விசைப்பலகையும் மவுஸும் வைத்து வேலை செய்பவர், கணினியின் மேல் கையே வைப்பதில்லை. மெம்டெஸ்ட் ஓடிய ராத்திரியிலும் அதன் மேல் யாரும் கை வைக்கவில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ரேமைக் கழற்றி, தங்கநிறப் பற்களை வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டி, துளையைத் தூரிகையால் சுத்தம் செய்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன். அதோடு சரி.

ஆகவே மெம்டெஸ்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமோ அதன் இணைப்போ அதற்கு வரும் மின்சாரமோ குற்றவாளியாக இருக்கலாம், ஆனால் பிழையே வராததை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் வயதுக் கணினிகள் பல யுஎஸ்பி பென் டிரைவிலிருந்து கிளம்பாது, சிடியில்தான் எழுதிப் போட வேண்டியிருக்கும். அச்சகத்தில், அங்கே மெஷின்கள் ஓடும் நேரத்தில் ஓட்டுங்கள். கணினி பூட்டிய கடையில் ராத்திரி தனியாக இருக்கும்போது எதை நிரூபிக்கும்? இந்தச் சோதனைக்கு விண்டோஸும் வேண்டாம், டிஸ்க்கும் வேண்டாம். மெம்டெஸ்ட் திரையே நடுவில் உறைந்து அதன் கடிகாரமும் நின்றுவிட்டால் விண்டோஸ், டிரைவர், வைரஸ் என்று சொன்னவர்கள் எல்லாரும் வெளியே போகலாம்.

சூட்டைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், நான் கொஞ்சமாகப் பேசுகிறேன். பென்டியம் எம் சூட்டைத் தாங்கும் ஜாதி. 100 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு அனுமதி உண்டு. அதை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் கணினி பட்டென்று அணைந்துவிடும். அதாவது பிராசஸர் சூடானால் மந்தமாகும் அல்லது அணையும், படத்தோடு உறைந்து நிற்பது அதன் வழக்கமல்ல. ஆனால் காட்சிச் சில்லுக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் துணைச் சில்லுக்கும் அவ்வளவு விவரம் போதாது. பல மாடல்களில் அவையும் அதே ஃபேனை நம்பித்தான் இருக்கின்றன. அச்சகம் என்பதால் ஃபேனுக்கும் செம்பு இறகுகளுக்கும் நடுவே காகிதத் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேயே ஒதுங்கிக்கொள்ளும். ஃபேனைக் கழற்றி, அந்தக் கம்பளியை விரலால் உரித்து எடுக்க வேண்டும். காற்றடிக்கும்போது இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்ற விட்டால் அச்சு கெடும். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டையும் அப்போதே மாற்றிவிடலாம்.

டிஸ்க்கைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் குறைவு, ஆனாலும் இருபது வயது டிஸ்க்கை நம்பிக் கடை நடத்தக்கூடாது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளையும் பாருங்கள். கடைசியில் உள்ள எண் பூஜ்யமாக இருந்தால் நல்லது. 197 ஏறிக்கொண்டே போனால் அன்றே மாற்றுங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க் நன்றாக இருக்கிறது, இணைப்பில் கோளாறு. எக்ஸ்பிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: டிஸ்க்கிலிருந்து மொத்தம் ஆறு முறை இப்படிப் பிழைகள் வந்துவிட்டால், பிராசஸரைத் தொந்தரவு செய்யாத டிஎம்ஏ முறையின் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும், பிழை தொடர்ந்தால் பழைய பிஐஓ முறைக்கே இறங்கிவிடும். அப்புறம் ஒவ்வொரு கோப்புக்கும் பிராசஸரே சுமக்க வேண்டும், அம்புகூடத் திக்கித் திக்கி நகரும். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சானலின் பண்புகளைத் திறந்து பாருங்கள். பிஐஓ என்றிருந்தால், அந்தச் சானலை நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் போட்டுக்கொள்ளும்.

டிஸ்க்குக்குப் பதில் சிஎஃப் கார்டு (பழைய கேமரா நினைவு அட்டை) போடுங்கள், எஸ்எஸ்டி போடுங்கள் என்று பலர் சொல்வார்கள். போடலாம். ஆனால் டிஎம்ஏவுக்கான கம்பிகளே இணைக்கப்படாத மலிவு மாற்றிகள் சந்தையில் இருக்கின்றன. அதில் ஒன்று மாட்டிக்கொண்டால் இருக்கிற ஹேங் போதாதென்று இன்னொன்று சேரும். மூல நோய் தெரியும்வரை புதிதாக எதையும் உள்ளே விட வேண்டாம்.

விண்டோஸையே விலக்கிப் பார்க்க வேண்டுமென்றால் சிடியிலிருந்து ஓடும் லினக்ஸ் ஒன்றைப் போட்டு அரை நாள் ஓட விடுங்கள். ஆரம்பகால பென்டியம் எம் சில்லு, அதிக நினைவகத்தைக் கையாளும் பிஏஇ என்ற வசதி தன்னிடம் இருப்பதாக வெளியே சொல்லாது, அதனால் பல லினக்ஸ் பதிப்புகள் கிளம்பும்போதே மறுத்துவிடும். அதைப் பார்த்துக் கணினி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பிஏஇ கேட்காத 32 பிட் கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) வரும் ஆன்டிஎக்ஸ் போன்றவை ஓடும். வைஃபை கார்டு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். அச்சகக் கணினிக்கு, அதிலும் 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன எக்ஸ்பிக்கு, இணையம் எதற்கு?

சில்லுகளைப் போர்டில் ஒட்டும் உலோகப் பற்றான சால்டர் விஷயம் கடைசி. ஏதாவது ஒரு கடையில் ‘காட்சிச் சில்லை ஹீட்டரில் வாட்டித் தருகிறேன்’ என்பார்கள். அந்த வைத்தியம் பிரபலமானதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் ஈயம் கலந்த சால்டருக்குத் தடை வந்தது. பின்னர் 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமே தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதியில் பலவீனம் இருப்பதை ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர்வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அந்தத் தலைமுறைச் சில்லுகளை வாட்டினால் சில வாரங்கள் உயிர் வரும், பிறகு போய்விடும், ஏனென்றால் பழுது சில்லுக்குள்ளேயே இருந்தது. உங்கள் கணினி அதற்கெல்லாம் முந்தியது. 183 டிகிரியில் உருகும் பழைய ஈய சால்டராகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதிலும் விரிசல் வரலாம். ஒரு மூலையைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கித் தூக்கி, போர்டு வளைந்து வளைந்து வரும். ஒரு மூலையை மெதுவாகத் தூக்கினாலோ டச்பேடுக்கு அருகே அழுத்தினாலோ ஒவ்வொரு முறையும் நிற்கிறது என்றால் மட்டும் அந்தப் பக்கம் யோசியுங்கள். வாரா வாரம் வீட்டுக்கும் கடைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தும் ஞாயிற்றுக்கிழமையில் ஒழுங்காக ஓடும் கணினிக்கு இது பொருந்தவில்லை. ஹீட்டர் பக்கமே போகாதீர்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, புதுக் கணினி வாங்கிவிடலாமே என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்வது எளிது. இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோட் பேஜ்மேக்கருக்குத் தெரியாது. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட டாம், டாப் குறியேற்றங்களிலும், அதற்கு முந்தைய கடைக்கொரு குறியேற்றத்திலும்தான் உங்கள் கோப்புகள் இருக்கும். அரசு 2010இல் யூனிகோடுக்கு மாறிவிட்டது, உங்கள் வாடிக்கையாளரின் பழைய பத்திரிகை மாறவில்லை. லாக் வேறு பேரலல் போர்ட் கேட்கிறது. யுஎஸ்பியைப் பேரலலாக மாற்றும் கேபிள் வாங்கி ஏமாறாதீர்கள். அது பிரின்டருக்கு மட்டும்தான் பேசும், லாக்குக்குப் பதில் சொல்லத் தெரியாது. மெதுவாக, அடிக்கடி வரும் வேலைகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். அதுவரை இந்தக் கிழவனை நடமாட வைத்தாக வேண்டும்.

நாளை நகல் எடுக்கும் வேலையை ஆரம்பியுங்கள். அது முடிந்ததும் பிரின்டரை வேறு சுவர்ப் பிளக்குக்கு மாற்றி, கணினியின் அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பெட்டி இல்லாமல் நேராகச் சுவரில் செருகுங்கள். பிறகு வேலை குறைவான ஒரு மதியம், பேஜ்மேக்கரில் பெரிய படம் உள்ள பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவை வெட்டும் இயந்திரத்தை இருபது முப்பது தடவை போட்டுப் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். நிற்காவிட்டால் அடாப்டரை மறுபடி பழைய எக்ஸ்டென்ஷனில் மாட்டி, இன்னொரு முப்பது தடவை. எந்தத் தடவையில் நின்றது, அப்போது கேப்ஸ் லாக் விளக்கு மாறியதா, வீட்டில் இருப்பது அதே அடாப்டர்தானா என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.